முற்றம் பார்த்த அறை

ஏரி தெரியும் அறை என்று
பதினெட்டு வருடமாக நான் விற்பது
குளியலறை ஸ்டூலில் ஏறி நின்றால்
சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே தெரியும்
ஒரு சாண் தண்ணீரை.
ஆகையால் பிராக் நகரத்து ஓட்டல்கள்
என்னிடம் வாலாட்ட வேண்டாம்.

கோட்டை தெரியும் என்கிறான் ஒருவன்.
எந்த ஜன்னலில், கழுத்தை எவ்வளவு திருப்பினால்?
'கைக்கு அடக்கமான அறை' என்றால்
பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது.
'பழமை மாறாதது' என்றால் லிஃப்ட் இல்லை.
இந்த மொழி எனக்குத் தாய்மொழி மாதிரி.
ஒண்டிக்கடை முக்கில் நிற்கும் எங்கள் லாட்ஜ் பலகையில்
'இயற்கையின் மடியில்' என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான்.
இயற்கை என்பது அங்கே
பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடும் குரங்கு.

இரவு ஷிப்ட்.
சாவிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தால்தான்
வைஃபை வரும்.
வெளியே பனி, எதிர்க்கடை ஷட்டரைக் காணவில்லை.
செவ்வாய்ப்பேட்டைச் சீட்டு முதிர்ந்துவிட்டது.
விசாவுக்குச் சென்னை போக
ஏற்காட்டுக்கே வராத ஏற்காடு எக்ஸ்பிரஸில்
இரண்டு டிக்கெட்டும் போட்டாயிற்று.

இருதயராஜ் கேட்கிறார்,
ஜீப் சாவியை விரலில் சுழற்றியபடி:
"தூங்குறதுக்கா இவ்ளோ ஆராய்ச்சி?
கட்டில் இங்கயே இருக்கே."

இருக்கிறது.
நானும் ஓட்டலில் நிறையவே தூங்கியிருக்கிறேன்,
மலர்க் கண்காட்சி வாரத்தில்,
லக்கேஜ் அறையில், ரஜாய் மூட்டைகளின் மேல்,
காதருகே போனை வைத்துக்கொண்டு.
எவளோ ஒருத்தி எனக்காக விரிப்பை இழுத்துச் செருகி
மூலையை மடித்துவிட்டுப் போன கட்டிலில்
ஒருநாளும் இல்லை.
இதை அவரிடம் சொல்லவில்லை.
"முட்டி ஆபரேஷன் யாருக்கு நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

ஒரே ஒரு ஓட்டலுக்கு எழுதிப் பார்த்தேன்,
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்,
கௌன்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவள் என்பதையும் சேர்த்து.
இங்கே இரண்டு பத்து,
அங்கே இன்னும் பதினொன்று ஆகவில்லை.
பதில் வந்தது. ரட்கா என்று பெயர்.

படத்தில் இருப்பது நானூற்று இரண்டு.
அதை எடுக்காதீர்கள்.
கோட்டை தெரியும், உண்மைதான், ஆனால் அறுபத்தொரு படி,
அதோடு டிராம் அந்த முனையில்தான் திரும்பும்.
நூற்று ஏழு முற்றத்தைப் பார்த்தது.
ஒரு வாதுமை மரம் தவிர ஒன்றும் தெரியாது.
கெட்டில் கிடையாது, என்னுடையதைக் கொண்டுவந்து வைக்கிறேன்.

திரும்பவும் படித்தேன்.
முதலாளி இல்லாத நேரம் பார்த்து
கைக்குழந்தைக்காரிகளிடம் நானும் இப்படித்தான்
தாழ்ந்த குரலில் சொல்வேன்:
பன்னிரண்டு வேணாம்மா, சுவர் ஓதம்,
ஏழுல வெயில் வரும்.

ஒன்பதாம் அறை வெந்நீர் கேட்டது.
வாளியோடு போய்த் திரும்புகிறேன்,
மாடிப்படியில் காலடிச் சத்தம்.
லாட்ஜுக்குப் பதினைந்து படி.
மனிதர் ஏறுகிறார், இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார்.
நான்காம் தடவை மேலே போய்
ஒரு படி பாக்கி என்று
தண்ணீர் டாங்குக்குப் போகும் ஏணியிலும் கால் வைக்கிறார்.

ஆசை இருந்திருக்கிறது.
கோட்டை பார்க்க இவருக்கும்
என்னிடம் சொல்லாத ஓர் ஆசை.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கி வந்தார்.
ஜண்டுபாம் எங்கே என்றார்.
தேய்த்து முடிக்கும் வரை பேச்சில்லை.

"நூத்தி ஏழே போடு.
வாதுமை மரம் என்ன, சும்மாவா?"

போட்டேன்.
'சிறப்பு வேண்டுகோள்' என்று ஒரு கட்டம் கேட்டது.
பதினெட்டு வருடம் மற்றவர்கள் நிரப்பிப் படித்த கட்டம்:
கூடுதல் தலையணை, தொட்டில், மிளகாய் போடாத தோசை.
யோசித்து எழுதினேன்:
காலையில் கதவைத் தட்ட வேண்டாம்.

உடனே அடித்துவிட்டு
தட்டுங்கள், ஆனால் மெதுவாக என்று மாற்றினேன்.
யார் தட்டுகிறார்கள் என்று
உள்ளேயிருந்து ஒரு தடவை கேட்க வேண்டும்.